சத்தம் போடும் கம்ப்யூட்டர்: நாமே திறப்பதா, கடைக்குக் கொண்டுபோவதா, மாற்றிவிடுவதா?

சித்திரை வெயில் ஏறத் தொடங்கினால் மதுரையில் வீட்டுக் கம்ப்யூட்டர்களும் முனக ஆரம்பித்துவிடுகின்றன. மாசி வீதிகளை ஒட்டிய வீடுகளில் ரோட்டுப் புழுதி நேராக முன்னறைக்குள் வந்து உட்காருகிறது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் ஆடிக் காற்று அடித்தால் கேட்கவே வேண்டாம். மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தொடும் நாட்களில், மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் வைத்திருக்கும் பெட்டிக்குள் போகிற காற்றே அனலாகத்தான் போகிறது. உள்ளே இருக்கும் ஃபேன் அதைச் சமாளிக்க முழு வேகத்தில் சுற்றுகிறது, சத்தம் வருகிறது.

எல்லாச் சத்தமும் அந்த ஃபேன் சத்தமாக இருந்துவிட்டால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. 'டக்... டக்...' என்று வரும், 'கீச்' என்று வரும், 'பீப் பீப்' என்று வரும், சில நேரம் கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் வரும். அப்போது நம் முன்னால் நான்கைந்து வழிகள் நிற்கின்றன. நாமே திறந்து பார்க்கலாம். தெரிந்த பையன் ஒருவனை வீட்டுக்கு வரச்சொல்லலாம். டவுன்ஹால் ரோட்டுக்கோ பைபாஸ் ரோட்டுக்கோ தூக்கிக்கொண்டு போகலாம். வாரண்டி இருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டர். 'இந்தச் சனியனே வேண்டாம்' என்று வேறு வாங்கிவிடலாம். ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதும் ஒரு வழிதான், சில சத்தங்களுக்கு அதுதான் சரியான வழியும்கூட.

பெரும்பாலானவர்கள் கையில் இருக்கும் பணத்தையும் அன்றைய அலுப்பையும் வைத்து இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என் கட்சி வேறு. சத்தம் போடுகிற பாகம் செத்துப்போனால் அதோடு சேர்ந்து என்ன போகும் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஃபேன் போனால் சில நூறு ரூபாய் போகும், அது தீபாவளி வரை காத்திருக்கலாம். ஹார்ட் டிஸ்க் போனால் மகளின் கல்யாண ஆல்பம் போகும், அது சாயங்காலம் வரைகூடக் காத்திருக்காது.

எங்கிருந்து வருகிறது?

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள் (வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள்). அன்றைய செய்தித்தாளை இறுக்கமான குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஒவ்வொரு பாகத்துக்கு அருகிலும் வைத்துக் கேளுங்கள். மோட்டார் மெக்கானிக்குகள் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இன்ஜினுக்குச் சரி. கரண்ட் ஓடும் மதர்போர்டின் மேல் இரும்புக் கம்பியை நீட்ட வேண்டாம்.

பிராசஸர் ஃபேனா, கேபினெட் ஃபேனா என்று சந்தேகம் வந்தால் அதன் நடுக் குமிழை விரல் நுனியால் மெதுவாக அழுத்தி ஓரிரு நொடி நிறுத்திப் பாருங்கள். இறக்கையைத் தொடக் கூடாது. சத்தம் நின்றால் குற்றவாளி அதுதான். எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் ஃபேனிடம் இந்த விளையாட்டு ஆகாது.

சத்தம் ஹார்ட் டிஸ்கிலிருந்து வருகிறதா என்பதற்கு இதைவிடச் சுத்தமான சோதனை உண்டு. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, டிஸ்குக்குப் போகும் பவர் வயரை மட்டும் கழற்றுங்கள். மறுபடி ஆன் செய்தால் விண்டோஸ் வராது, 'டிஸ்க் இல்லை' என்று திரை சொல்லும். சொல்லட்டும். அந்த நேரத்தில் சத்தம் இல்லையென்றால் விடை கிடைத்துவிட்டது. டிஸ்க்தான் என்று உறுதியானபின் 'இன்னொரு முறை கேட்டுப் பார்ப்போம்' என்று மாட்டிப் பார்ப்பது மட்டும் கூடாது.

சத்தத்தின் குணமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். காலையில் ஆன் செய்ததும் கரகரவென்று வந்து, சூடேறியதும் அடங்கிவிட்டால் ஃபேனின் பேரிங்கில் எண்ணெய் வறண்டிருக்கிறது. கேம் ஆடும்போதோ பெரிய பக்கத்தை மவுஸால் உருட்டும்போதோ மட்டும் கொசு மாதிரி 'கீ...' என்றால் அது கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும் 'காயில்' என்ற கம்பிச் சுருள். ஒரே சீராக 'டிக் டிக் டிக்' என்று வந்து ஃபேன் வேகத்தோடு கூடிக் குறைந்தால் ஏதோ ஒரு வயர் இறக்கையில் தட்டுகிறது. நம் ஊரில் வயருக்குப் பதிலாகப் பல்லியாகவும் இருக்கலாம். உள்ளே கதகதப்பாக இருப்பதால் அவை குடிவருவது வழக்கம்தான். கையை வைத்துப் பெட்டியை அழுத்தினால் சத்தம் நிற்கிறதா? அப்படியானால் தகடு அதிர்கிறது, ஸ்க்ரூவை இறுக்கினால் போதும். நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் டிஸ்க் நொடிக்கு 120 முறை சுழல்வதால், மெல்லிய தகட்டுப் பெட்டி அதே தாளத்தில் 'ம்ம்ம்' என்று கூடவே பாடும். டிஸ்கைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களுக்கு ரப்பர் வாஷர் போட்டால் பாட்டு நிற்கும்.

ஃபேன்: துடைப்பது, எண்ணெய் விடுவது, மாற்றுவது

துடைப்பதற்குச் செலவு கிடையாது. ஒரு இஞ்ச் பெயிண்ட் பிரஷ் ஒன்று புதிதாக வாங்கிக்கொண்டால் போதும். வராண்டாவில் வைத்து, இறக்கை சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூசியைத் தட்ட வேண்டும். ஊதும் காற்றில் இறக்கையைச் சுற்றவிட்டால் அது தன் கணக்குக்கு மீறிய வேகத்தில் சுற்றிப் பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். இறக்கையை மட்டும் துடைத்துவிட்டு மூடிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. உண்மையான அடைப்பு ஃபேனுக்குக் கீழே, பிராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்கின் அலுமினியப் பட்டைகளுக்கு நடுவில், கம்பளித் துணி மாதிரி படிந்திருக்கும். ஃபேனைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். அதை உரித்தெடுத்த பிறகு பல கம்ப்யூட்டர்கள் சத்தமே இல்லாமல் ஓடுகின்றன.

சிலர் பெட்டியை வண்டியில் வைத்துப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய்க் காற்று அடித்துவிடுகிறார்கள். ஐந்து நிமிட வேலை, தூசி மேகமாகப் பறக்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். அந்தக் கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீரும் எண்ணெயும் தேங்கியிருக்கும், காற்றோடு சேர்ந்து அதுவும் வரும். மதர்போர்டின் மேல் அது வேண்டாம். வாக்குவம் கிளீனரும் வேண்டாம், அதன் பிளாஸ்டிக் குழாய் உண்டாக்கும் நிலைமின்சாரம் சில்லுகளுக்கு ஆகாது. கையடக்க புளோயர் கிடைத்தால் நல்லது.

துடைத்தும் கரகரப்பு போகவில்லையென்றால் எண்ணெய். விலை குறைந்த ஃபேன்களில் ஸ்லீவ் பேரிங் இருக்கும். ஸ்டிக்கரை உரித்து, ரப்பர் மூடி இருந்தால் அதை எடுத்து, ஒரே ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டால் சத்தம் அடங்கும். தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் இருக்கிறார்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், மார்கழிக் காலையில் மதுரையிலும் குப்பிக்குள் வெள்ளையாக நிற்கும். பேரிங்குக்குள்ளும் அதே கதைதான், போதாக்குறைக்கு நாளடைவில் பிசினாகிவிடும். தையல் மிஷின் எண்ணெயும் நிரந்தர வைத்தியம் இல்லை. தேய்ந்த உலோகத்தை எந்த எண்ணெயும் திரும்பக் கொண்டுவராது. சில வாரமோ சில மாதமோ தள்ளும். பரீட்சை நேரத்தில், கடை திறக்காத ஞாயிற்றுக்கிழமையில், அந்தத் தள்ளல் போதுமானதாக இருக்கலாம்.

ஃபேன் விலையைப் பார்த்தால் எண்ணெய்க்கு மெனக்கெடுவதைவிட மாற்றிவிடுவதே மேல் என்பது என் எண்ணம். மாற்றும்போது கடைக்காரர் கொடுப்பதை வாங்கி வராமல் ஒன்றிரண்டைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் 120 மில்லிமீட்டர் ஃபேனுக்கு இடமிருந்தால் 80 மில்லிமீட்டரை வாங்காதீர்கள். பெரிய இறக்கை அதே காற்றைக் குறைந்த வேகத்தில் தள்ளிவிடும், வேகம் பாதியானால் ஃபேன் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும், காதுக்கு அது மிகப் பெரிய வித்தியாசம். மதர்போர்டில் நான்கு பின் இணைப்பு இருந்தால் நான்கு பின் ஃபேனே வாங்குங்கள். சூட்டுக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு அது. பால் பேரிங் ஃபேன் சற்று அதிகமாக இரையும், ஆனால் வெப்பத்தில் நெடுநாள் உழைக்கும். படுக்கையறையில் கம்ப்யூட்டர் இருந்தால் ஸ்லீவ் வகையோ அதன் மேம்பட்ட வகைகளோ போதும். நாள் முழுக்க ஓடும் டி.டி.பி. சென்டர், ஸ்டூடியோ என்றால் பால் பேரிங்.

பிராசஸர் ஃபேனை ஹீட் சிங்கோடு கழற்றினால், இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசித்தான் மாட்ட வேண்டும். காய்ந்துபோன பழைய பேஸ்ட்டே சில நேரம் சத்தத்துக்குக் காரணம். சூடு ஹீட் சிங்குக்கு ஏறாமல் பிராசஸரிலேயே தேங்கும்; பல இன்டெல் பிராசஸர்கள் 100 டிகிரியை நெருங்கினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதற்குள் ஃபேன் தொண்டை கிழியக் கத்திவிடும். 'சத்தமும் வருகிறது, ஸ்லோவாகவும் இருக்கிறது' என்று இரண்டு புகாரோடு வருகிற பெட்டிகளில் பேஸ்ட்டை முதலில் சந்தேகிப்பது நல்லது.

லேப்டாப் என்றால் இந்தக் கணக்கு மாறிவிடும். தமிழக அரசு 2011-இல் தொடங்கிக் கொடுத்த இலவச லேப்டாப்புகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றின் ஃபேனை எட்ட அடித்தகடு முழுவதையும் கழற்ற வேண்டும். சில மாடல்களில் கீபோர்டையும் எடுக்க வேண்டும். மெல்லிய ரிப்பன் கேபிள்கள் கை பட்டதும் பிய்ந்துவிடும். பழக்கம் இல்லாதவர்கள் லேப்டாப்பைக் கடையிலேயே கொடுத்துவிடலாம்.

'டக்... டக்...' என்றால்

ஹார்ட் டிஸ்குக்குள் காந்தத் தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில், எழுதவும் படிக்கவும் செய்யும் ஒரு ஹெட் மிதந்துகொண்டிருக்கும். தலைமுடியின் கனமே பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த இடைவெளி புரியும். ஹெட் கெட்டுப்போனால் தனக்குரிய இடம் தெரியாமல் ஓரத்துக்குப் போய் முட்டித் திரும்பி, மறுபடி போய் முட்டும். சீரான இடைவெளியில் வரும் 'டக்' சத்தம் அதுதான். ஒவ்வொரு நிமிட ஓட்டமும் தட்டில் எழுதியிருப்பதைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம்.

இங்கேதான் வழிகள் உண்மையிலேயே பிரிகின்றன. டிஸ்கில் இருப்பது வேண்டாம், அல்லது வேறு இடத்தில் நகல் இருக்கிறது என்றால், வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு உபயோக டிஸ்குகளுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு இருக்கும். இருந்தால் மாற்று டிஸ்க் கிடைக்கும், உள்ளே இருந்தவை கிடைக்காது, எந்தக் கம்பெனி வாரண்டியும் தரவுக்குப் பொறுப்பேற்பதில்லை. வாரண்டி முடிந்திருந்தால் அந்த டிஸ்குக்கு இனி செலவு செய்ய வேண்டாம்.

உள்ளே இருப்பது வேண்டும் என்றால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். இனி உங்கள் கையில் இருப்பது இரண்டு வழி: உள்ளூர்க் கடை, அல்லது டிஸ்கைத் திறந்து ஹெட் மாற்றும் வசதியுள்ள தரவு மீட்பு ஆய்வகம். 'டக் டக்' தெளிவாகக் கேட்டால் முதல் வழியை மறந்துவிடுங்கள். தூசியற்ற அறையில்தான் அந்த மூடியைத் திறக்க முடியும். மேஜைமேல் ஃபேன் காற்றில் திறந்த டிஸ்க் அத்தோடு முடிந்தது, பிறகு ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் பலன் சொற்பம். ஆய்வகச் செலவு பல ஆயிரங்களில் வரும், பெரும்பாலும் டிஸ்கின் விலையைப்போலப் பல மடங்கு. கசப்பான கணக்குதான். டிஸ்கை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகும் என்பார்கள். உள்ளே ஈரம் படிந்து இருந்ததும் கெடும். மேஜையில் தட்டிப் பார்ப்பதும் அந்த ரகம்தான்.

'டக்' இல்லை, ஆனால் டிஸ்க் தடுமாறுகிறது, ஃபைல் திறக்க நேரமாகிறது, அவ்வப்போது 'கிர்ர்' என்கிறது என்றால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 'ரீஅலொகேட்டட் செக்டர்ஸ்', 'கரண்ட் பெண்டிங் செக்டர்' என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள், டிஸ்கில் கெட்டுப்போன, கெட்டிருக்கலாம் என்று சந்தேகிக்கும் இடங்களின் கணக்கு அவை. பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் நகல் எடுக்க ஆரம்பிக்க வேண்டியதுதான். கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சோதனையில் முதல் பிழை கண்ட டிஸ்குகள் அடுத்த 60 நாட்களுக்குள் சாகும் வாய்ப்பு, பிழை இல்லாதவற்றைப்போல 39 மடங்கு என்று கண்டார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. செத்த டிஸ்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல் எந்த எச்சரிக்கையும் காட்டாமலேயே போயின. ஆக, மென்பொருள் 'நலம்' என்று பச்சை காட்டினாலும் காது 'இல்லை' என்றால் காதை நம்புங்கள்.

நகல் எடுப்பதிலும் ஒரு முறை உண்டு. முழு டிஸ்கையும் இழுத்துப்போடப் பார்க்காமல் முதலில் புகைப்படங்கள், பத்திரம் ஸ்கேன் செய்தவை, டேலி கணக்கு. சினிமாவெல்லாம் கடைசி. விண்டோஸ் 'டிஸ்கைச் சரிபார்க்கவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், நோயாளியை ஓடவிட்டுச் சோதிப்பது அது. கடையில் கொடுப்பதாக இருந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: 'தம்பி, நேராக இந்த டிஸ்கிலேயே தேடுவீர்களா, முதலில் முழு நகல் எடுத்து அதில் தேடுவீர்களா?' இரண்டாவது பதிலைச் சொல்கிறவரிடம் கொடுக்கலாம்.

வெளியே மாட்டும் சிறிய ஹார்ட் டிஸ்க் 'பீ... பீ...' என்று முனகினால் அதன் மோட்டார் சுற்ற முடியாமல் திணறுகிறது. சில நேரம் கரண்ட் போதாமைதான் காரணம். பெட்டியின் முன்பக்க இணைப்பிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றி, வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், மேலே சொன்ன ஆய்வகக் கதைதான்.

புதிதாக எதைப் போடுவது? விண்டோஸ் இருக்கும் டிஸ்குக்கு, தட்டுக்குப் பதில் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்.எஸ்.டி.தான், அதில் இரண்டாம் பேச்சு கிடையாது. சுற்றுகிற எதுவும் இல்லாததால் சத்தம் இல்லை, பழைய கம்ப்யூட்டரும் குதிரை மாதிரி எழுந்துகொள்ளும். ஆனால் கல்யாண வீடியோவை எழுதிப் பீரோவில் பூட்டிவைக்க வேண்டுமென்றால் நான் இன்னும் ஹார்ட் டிஸ்கையே சொல்வேன். எஸ்.எஸ்.டி.யில் தரவு மின்னேற்றமாக நிற்கிறது, கரண்ட் இல்லாமல் கிடந்தால் மெல்லக் கசியும். ஆயுள் முடியும் அளவுக்கு எழுதித் தேய்ந்த வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி., 30 டிகிரி சூட்டில் கரண்ட் இல்லாமல் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதுதான் அந்தத் துறையின் தர அளவு. சூடு கூடினால் அந்தக் காலம் குறையும். மதுரையில் பூட்டிய பீரோ 30 டிகிரியில் நிற்பது வருடத்தில் சில மாதம்தான். எஸ்.எஸ்.டி.க்கு இன்னொரு குணமும் உண்டு: 'டக்' என்றுகூடச் சொல்லாமல் போய்விடும்.

மற்ற சத்தங்கள்

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து 'சட சட' என்று பொரிகிற சத்தமும் கருகல் வாடையும் வந்தால் சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணையுங்கள், வேறு யோசனை வேண்டாம். அதைத் திறந்து கெபாசிட்டர் மாற்றித் தருகிற கடைகள் உண்டு. 230 வோல்ட் உள்ளே நேர்மின்சாரமாக (டி.சி.) மாறி ஏறத்தாழ 325 வோல்ட்டாக அந்தக் கெபாசிட்டரில் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கும். எனவே வீட்டில் திறக்கவே கூடாது. கடையில் ரிப்பேர் செய்வதா, மாற்றுவதா என்றால், மாற்றுங்கள். பெயரில்லாத மலிவு எஸ்.எம்.பி.எஸ். வாங்குவது ரிப்பேரைவிட மோசம். போகும்போது அது தனியாகப் போகாது, மதர்போர்டையும் டிஸ்கையும் அழைத்துக்கொண்டு போகும். மின்சாரத்தை வீணாக்காததற்கான 80 பிளஸ் முத்திரையும் சில ஆண்டு வாரண்டியும் உள்ளதாகப் பாருங்கள்.

காயில் கீச்சொலிக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. கேமில் ஃபிரேம் வேகத்துக்கு (நொடிக்கு எத்தனை படம் என்பதற்கு) ஒரு வரம்பு வைத்தால் பெரும்பாலும் குறையும். இதற்காகக் கார்டை மாற்றச் சொல்லும் கடைக்காரரிடம் விடைபெற்றுக்கொள்ளலாம்.

ஆன் செய்ததும் திரை வராமல் நீளமாகப் பீப் வந்துகொண்டே இருந்தால் பல மதர்போர்டுகளில் அது ராம் என்ற நினைவகப் பட்டை பற்றிய முறையீடு. அணைத்து, ராமைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பைச் சுத்தமான ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள் போகத் துடைத்து, 'கிளிக்' என்று இரண்டு பக்கமும் பூட்டும்வரை அழுத்துங்கள். கடைக்குப் போனாலும் முதலில் இதைத்தான் செய்வார்கள்.

ஸ்பீக்கரில் 'டிட்டி டிட்டி டிட்' என்று வந்து, உடனே போனில் அழைப்பு வருகிறதா? 2ஜி அலைவரிசையில் போன் நொடிக்கு 217 துடிப்பாக அனுப்புவதை ஸ்பீக்கர் வயர் பிடித்துக்கொள்கிறது. போனை நகர்த்தி வைத்தால் முடிந்தது. 2ஜி இல்லாத ஜியோ எண்ணில் இது வராது.

ஆளை வரச்சொல்வதா, பெட்டியைக் கொண்டுபோவதா

கடையில் மாற்று உதிரிகள் இருக்கும், ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டிப் பார்த்து அரைமணியில் குற்றவாளியைப் பிடித்துவிடுவார்கள். வீட்டுக்கு வருகிறவர் பையில் அத்தனையும் இருக்காது, பார்த்துவிட்டுப் போய் மறுநாள் வருவார், வருகைக் கட்டணம் தனி. இந்த வகையில் கடைதான் மலிவு, விரைவு. இருந்தும் சில சத்தங்களுக்கு வீட்டுக்கு ஆளை அழைப்பதே சரி. காரணம், அந்தச் சத்தம் கடையில் வராது.

'சார், நாள் முழுக்க ஓட விட்டேன், சத்தமே இல்லையே' என்று கடைக்காரர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அவர் கடையில் ஏசி ஓடுகிறது, பெட்டி உறுதியான மேஜையில் இருக்கிறது, எர்த் இருக்கிறது. உங்கள் வீட்டில் அது ஆடுகிற ஸ்டூலில், சுவரை ஒட்டி, பின்பக்கம் காற்றுப் போக வழியில்லாமல் நிற்கிறது. பழைய வீடுகளில் மூன்றாவது பின்னுக்கு எர்த் கம்பி வராமலேயே இருக்கும். அப்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டி வழியாகப் பெட்டித் தகட்டில் மின்னழுத்தம் ஏறி, தொட்டால் சுருக்கென்று இழுக்கும், ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று இரையும். அதற்குக் கம்ப்யூட்டர் மெக்கானிக்கைவிட எலக்ட்ரீஷியன்தான் தேவை.

யு.பி.எஸ். சத்தமும் இந்த வகைதான். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் நடு இரவில் 'பீப்' என்று வந்தால் முதலில் யு.பி.எஸ்.ஸைப் பாருங்கள். கரண்ட் இருக்கும்போதே பீப் வந்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி முடிந்திருக்கும். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டிப் பத்து டிகிரி கூடினாலே அதன் ஆயுள் பாதியாகிவிடும் என்பதால் நம் ஊரில் இரண்டு மூன்று வருடமே பெரிது. யு.பி.எஸ். நல்லதாக இருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றலாம், புதிது வாங்கச் சொல்வதை நம்ப வேண்டாம். மின்சாரம் போய் வீட்டு இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் யு.பி.எஸ். 'டக் டக்' என்று மாறி மாறித் தாவினால், அந்த இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருக்கலாம். யு.பி.எஸ். அதை நல்ல கரண்ட் என்று ஒப்புக்கொள்ளாமல் பேட்டரிக்குத் தாவுகிறது. கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுபோனால் இதெல்லாம் பிடிபடவே பிடிபடாது.

எனவே கடைக்குப் புறப்படும் முன் சத்தத்தை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டி திறந்திருக்கும்போது எடுத்தால் இன்னும் நல்லது. அதே போனில் டிஸ்க், ராம், கிராஃபிக்ஸ் கார்டு ஸ்டிக்கர்களில் உள்ள சீரியல் எண்களையும் படம் பிடியுங்கள். கொடுக்கும்போது கடைக்காரர் கண் முன்னால் எடுப்பது இன்னும் சிறப்பு. மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, நல்ல கடைக்காரர் தாமே ரசீதில் எழுதித் தருவார். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையத்துக்கோ மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்கோ பஸ்ஸில் வருகிறவர்கள் கனமான கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கழற்றித் துணியில் சுற்றித் தனியாக எடுத்து வாருங்கள், குலுங்கலில் அதன் ஸ்லாட் உடைந்துவிடும். டிஸ்கைப் பற்றிக் கவலை வேண்டாம். அணைந்திருக்கும் டிஸ்க், ஓடுகிற டிஸ்கைவிடப் பல மடங்கு குலுக்கலைத் தாங்கும்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போவதென்றால் வாரண்டி காலத்தில் மட்டும் போங்கள். பாகத்தை மாற்றிக்கொடுப்பார்கள், ரிப்பேர் செய்ய மாட்டார்கள். டிஸ்கை அழித்துவிட்டும் தரலாம், அதற்கு ஒப்புக்கொள்வதாக முன்பே கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ரிப்பேரா, வேறு பெட்டியா

சத்தத்துக்காக மட்டும் கம்ப்யூட்டரை மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ஃபேன், பேஸ்ட், எஸ்.எஸ்.டி. மூன்றையும் சேர்த்துப் போட்டாலும் புதுப் பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்குதான். ஒரே ஒரு கேள்வி மட்டும் இந்தக் கணக்கை மாற்றும்: பெட்டியில் இருப்பது எந்தத் தலைமுறை பிராசஸர்? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நான்காம் தலைமுறைப் பெட்டியில் மதர்போர்டோ எஸ்.எம்.பி.எஸ்.ஸோ போயிருந்தால், அதற்குப் பெரிய செலவு செய்யாதீர்கள். ஃபேன் மட்டும் என்றால் தாராளமாக மாற்றிக்கொண்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

புதியதற்கும் பழையதற்கும் நடுவில் ஒரு வழி மதுரையில் நன்றாகவே கிடைக்கிறது: பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்ட எட்டாம் ஒன்பதாம் தலைமுறைப் பெட்டிகள். என் ஓட்டு அதற்குத்தான். அலுவலக மேஜைக்காகச் செய்தவை என்பதால் இயல்பிலேயே சத்தம் குறைவு. ஆனால் சிலவற்றில் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மதர்போர்டு இணைப்பும் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவத்தில் இருக்கும்; பின்னாளில் ஃபேன் கத்தினால் பொதுக்கடையில் மாற்று கிடைக்காது, அதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் பார்க்கும்போது கூட்டம் இல்லாத காலை நேரத்தில் போங்கள். குளிர்ந்த நிலையில் ஆன் செய்யச் சொல்லி முதல் ஒரு நிமிடம் காதைக் கொடுங்கள், வறண்ட பேரிங் அப்போதுதான் பேசும். பிறகு பத்து நிமிடம் வீடியோ ஓடவிட்டு மறுபடி கேளுங்கள். உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதைக் கழற்றிக்கொண்டு விலையைக் குறைக்கச் சொல்லி, எஸ்.எஸ்.டி.யை நீங்களே புதிதாக வாங்கிப் போடுங்கள்.

பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால் அதன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். செத்துப்போன டிஸ்க் என்றாலும்தான்; உங்களுக்குப் படிக்காத டிஸ்க் வேறொருவருக்குப் படிக்கலாம், அதில் உங்கள் ஆதார் நகலும் பான் நகலும் இருக்கின்றன. டிஸ்க் இல்லாததற்குக் கடைக்காரர் கொஞ்சம் விலை குறைப்பார், குறைத்துக்கொள்ளட்டும்.